வால்ட்டர் காடென்

வால்ட்டர் காடென் (செப்டம்பர் 1, 1919 – மார்ச் 3, 1996) ஜெர்மனியைச் சேர்ந்த பொறியியலாளர் ஆவார். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். விசையுந்து நிறுவனத்தில் பந்தயப் பிரிவின் தலைவராகப் பணியாற்றினார். டூ-ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சுப் பொறியை உலகப் பந்தயங்களில் வெல்லக்கூடிய பொறியாக உருவாக்கியவர் என்று அறியப்படுகிறார். 1961 ஆம் ஆண்டில் இவரது 125 சிசி பொறி, ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 200 குதிரைத்திறன் என்ற அளவை எட்டியது. மிகையூட்டி இல்லாத பொறி ஒன்று இவ்வளவை எட்டியது அதுவே முதல் முறையாகும்.

இளமை

காடென் சாக்சனி மாநிலத்தில் உள்ள போபர்சாவ் என்னும் ஊரில் பிறந்தார். அருகில் உள்ள ட்சோப்பாவ் நகரில்தான் டி.கே.டபிள்யூ. விசையுந்துத் தொழிற்சாலை இயங்கி வந்தது. இவரது தந்தை அந்நிறுவனத்தின் விற்பனை மேலாளருக்கு ஓட்டுநராக இருந்தார். 1927 இல் நூர்புர்கிரிங் பந்தயத் தடத்தின் திறப்பு விழாவைச் சிறுவனாக இருந்த காடென் நேரில் கண்டார். பின்னர் கெம்னிட்ஸ் நகரில் தொழில்நுட்பக் கல்வி பயின்றார்.

1940 இல் பெர்லின் அருகே இருந்த ஹென்ஷல் வானூர்தித் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கு ஹெர்பர்ட் வாக்னர் தலைமையிலான குழுவில், வானொலியால் வழிநடத்தப்படும் எச்.எஸ். 293 என்ற குண்டு தொடர்பான பணியில் ஈடுபட்டார். போர் முடிந்த பின் சொந்தப் பகுதிக்குத் திரும்பினார். குண்டுவீச்சில் சேதமடைந்த வீடுகளுக்குக் கூரைச் சட்டங்கள் செய்துதரும் மரத்தொழிலை நடத்தினார். அக்காலத்திலேயே டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 வண்டியை அடிப்படையாகக் கொண்டு ஒரு பந்தய விசையுந்தையும் உருவாக்கினார். ட்சோப்பாவ் தொழிற்சாலை அரசுடைமையாகி ஈஃபா என்ற பெயரில் இயங்கியபோது, 1953 இல் அதன் பந்தயப் பிரிவின் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1956 முதல் அந்நிறுவனம் எம்.இசட். எனப் பெயர் பெற்றது.

இருவீச்சுப் பொறியின் குறைபாடு

இருவீச்சுப் பொறியில் நாற்வீச்சுப் பொறியில் இருப்பது போன்ற அடைப்பிதழ்கள் இல்லை. உருளையின் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே மேலும் கீழும் நகர்ந்து திறந்து மூடுகிறது. புதிய எரிபொருள் கலவை உள்ளே வரும் நேரத்தில் புகை வெளியேறும் துளையும் திறந்தே இருக்கும். இதனால் கலவையின் ஒரு பகுதி எரியாமலேயே வெளியேறிவிடும். போருக்கு முன் டி.கே.டபிள்யூ. நிறுவனம் மிகையூட்டி மூலம் கூடுதல் கலவையைச் செலுத்தி இந்தக் குறையை ஈடுசெய்தது. 1946 இல் பந்தயங்களில் மிகையூட்டி தடை செய்யப்பட்டது. அதன் பின் இருவீச்சுப் பொறிகள் நாற்வீச்சுப் பொறிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கின.

மேம்பாடுகள்

இக்குறைபாட்டுக்குக் காடென் புகைபோக்கிக் குழாயிலேயே தீர்வு கண்டார். புகைத் துளை திறக்கும்போது ஓர் அழுத்த அலை குழாய் வழியே பாய்கிறது. குழாய் படிப்படியாக விரியும் இடத்தில் ஓர் உறிஞ்சும் அலை தோன்றித் திரும்பி வருகிறது. அது எரிந்த புகையை வெளியே இழுப்பதுடன் புதிய கலவை உள்ளே வரவும் உதவுகிறது. குழாய் மீண்டும் குறுகும் இடத்தில் அழுத்த அலை எதிரொலித்துத் திரும்பி, வெளியே கசிந்த கலவையைத் துளை மூடுவதற்கு முன் உருளைக்குள் தள்ளிவிடுகிறது. இவ்வாறு தடை செய்யப்பட்ட மிகையூட்டியின் வேலையை, அசையும் உறுப்பு எதுவும் இல்லாத தகட்டுக் குழாய் செய்தது.

இவ்வகைக் குழாயை டி.கே.டபிள்யூ. பொறியியலாளர் எரிக் வொல்ஃப் முன்னரே பயன்படுத்தியிருந்தார். காடென் அதை முறையான ஆய்வுக்கு உட்படுத்தினார். குழாயினுள் எழும் அலைகளை ஆசிலாஸ்கோப் கருவியின் திரையில் கண்டு, குழாயின் நீளத்தையும் கூம்புகளின் சரிவையும் மாற்றி மாற்றிச் சோதித்தார். அலை குறித்த நேரத்தில் திரும்பி வந்தால் மட்டுமே பயன் உண்டு என்பதால், ஒரு குழாய் குறுகிய சுழற்சி வேக எல்லைக்குள் மட்டுமே முழுத் திறனைத் தரும். அந்த எல்லைக்குள் பொறியை நிறுத்திவைக்கப் பல்லிணைப் பெட்டியில் கூடுதல் பற்சக்கரப் படிகள் தேவைப்பட்டன.

இவரது பொறிகளில் இடம்பெற்ற பிற கூறுகள்:

சுழல் தட்டு: கிராங்க் தண்டுடன் சேர்ந்து சுழலும் மெல்லிய தட்டு, கலவை கிராங்க் பெட்டிக்குள் நுழையும் வழியைத் திறந்து மூடும். இதனால் கலவை நுழையும் கால அளவைப் பிஸ்டனின் நகர்வைச் சாராமல் அமைக்க முடிந்தது. டானியல் ட்சிம்மர்மான் தமது பந்தய வண்டியில் பயன்படுத்திய இம்முறையைக் காடென் ஏற்று வளர்த்தெடுத்தார்.

மூன்றாவது கலவைத் துளை: 1957 இல் சேர்க்கப்பட்டது. இது கூடுதல் கலவையை உருளைக்குள் அனுப்பியதோடு, கடும் வெப்பத்துக்கு உள்ளாகும் பிஸ்டனின் அடிப்பகுதியையும் அங்குள்ள தாங்கியையும் குளிர்வித்தது.

1950களின் முற்பகுதியில் சுமார் 13 குதிரைத்திறன் தந்த 125 சிசி பொறி, 1961 இல் நிமிடத்திற்கு 10,800 சுற்றுகளில் 25 குதிரைத்திறன் தந்தது. 1958 இல் சுவீடன் கிராண்ட் பிரீயின் 250 சிசி பிரிவில் ஹோர்ஸ்ட் ஃபூக்னர் எம்.இசட். வண்டியில் வென்றார்.

டெக்னரின் வெளியேற்றம்

1961 இல் எம்.இசட். ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 125 சிசி உலகப் பட்டத்தை நெருங்கியிருந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 13 அன்று பெர்லின் சுவர் எழத் தொடங்கியது. செப்டம்பரில் சுவீடனின் கிறிஸ்டியன்ஸ்டாட் நகரில் நடந்த பந்தயத்துக்குப் பின் டெக்னர் நாடு திரும்பவில்லை. அவரது மனைவியும் பிள்ளைகளும் மகிழுந்து ஒன்றில் மறைத்து மேற்கு ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எம்.இசட். நிறுவனத்துக்குக் கிட்டவேண்டிய உலகப் பட்டம், அர்ஜென்டினாவில் நடந்த இறுதிப் பந்தயத்தில் ஹோண்டா ஓட்டுநர் டாம் ஃபிலிஸ் வசமானது.

டெக்னர் ஜப்பானின் சுசுக்கி நிறுவனத்தில் சேர்ந்தார். காடெனின் தொழில்நுட்ப விவரங்களும் அவருடன் சென்றன. மறு ஆண்டே, 1962 இல், சுசுக்கி வண்டியில் அவர் 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார். இருவீச்சுப் பொறி பெற்ற முதல் உலகப் பட்டம் அது. 1964 இல் யமஹா நிறுவனம் 250 சிசி பட்டத்தை இருவீச்சுப் பொறியால் வென்றது.

பிற்காலம்

காடென் ட்சோப்பாவிலேயே தொடர்ந்து பணியாற்றினார். பெரும் பொருட்செலவில் உழைத்த ஜப்பானிய நிறுவனங்களுடன் அவரது சிறிய குழு போட்டியிட வேண்டியிருந்தது. கிழக்கு ஜெர்மானியர்கள் மேற்கு நாடுகளுக்குச் செல்வதும் கடினமாகியதால், வெளிநாட்டு ஓட்டுநர்கள் எம்.இசட். வண்டிகளை ஓட்டினர். 1963 இல் சாக்சென்ரிங் தடத்தில் நடந்த கிழக்கு ஜெர்மன் கிராண்ட் பிரீயின் 250 சிசி பிரிவில் மைக் ஹெயில்வுட் எம்.இசட். வண்டியில் வென்றார். 1964 இல் அமெரிக்காவின் டேட்டோனா தடத்தில் ஆலன் ஷெப்பர்டு வென்றார். எனினும் எம்.இசட். நிறுவனம் சாலைப் பந்தய உலகப் பட்டம் எதையும் பெறவில்லை. காடென் 1996 இல் தமது 76 ஆம் அகவையில் காலமானார்.

தாக்கம்

1975 முதல் 2001 வரை 500 சிசி பிரிவின் உலகப் பட்டங்கள் அனைத்தையும் இருவீச்சுப் பொறிகளே வென்றன. 2002 இல் நாற்வீச்சுப் பொறிகள் முதன்மைப் பிரிவுக்குத் திரும்பின. 2011 உடன் 125 சிசி பிரிவும் முடிவுக்கு வந்ததால், உலகச் சாலைப் பந்தயங்களில் இருவீச்சுப் பொறிகளின் காலம் நிறைவடைந்தது. பழைய விசையுந்துகளுக்கான பந்தயங்களில் பங்கேற்போர், இருவீச்சுப் பொறியைச் செம்மைப்படுத்தும்போது இன்றும் புகைபோக்கிக் கூம்புகளின் நீளத்தையும் துளைகள் திறக்கும் நேரத்தையும் ஒன்றோடொன்று பொருத்துவதையே முதன்மையாகக் கொள்கின்றனர். காடெனின் ஆய்வுகளையும் டெக்னரின் வெளியேற்றத்தையும் விவரித்து இதழாளர் மேட் ஆக்ஸ்லி 2009 இல் ஸ்டீலிங் ஸ்பீட் என்ற நூலை வெளியிட்டார்.