சந்திரனில் மண் எடுத்தவர்

1970-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி. சோவியத் நாட்டின் கஜகஸ்தான் புல்வெளியில் ஒரு பாராசூட் இறங்கியது. அதன் கீழே ஓர் உலோக உருண்டை. அதற்குள் 101 கிராம் மண் இருந்தது. ஒரு பிடி மண்தான்!

ஆனால் அது சந்திரனின் மண். மனிதர் யாரும் கூடப் போகாமல், ஓர் எந்திரமே சந்திரனுக்குப் போய், தோண்டி, எடுத்து அனுப்பிய மண். உலகில் அதுவே முதல் தடவை.

"லூனா-16" என்ற அந்த எந்திரத்தின் பெயர் உலகம் எங்கும் பரவியது. அதைச் செய்தவரின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. சோவியத் அரசு அதை ரகசியமாக வைத்து இருந்தது.

அவர் பெயர் கியோர்கி பாபாகின்.

ரேடியோ மெக்கானிக்

பாபாகின் 1914-ம் ஆண்டு மாஸ்கோ நகரில் பிறந்தார். ஏழு வருடம் பள்ளிக்கூடம் போனார். பிறகு ரேடியோ வேலை கற்றுக்கொண்டு, மெக்கானிக் ஆனார்.

ராணுவத்தில் சேர்த்தார்கள். உடம்பு சரியில்லை என்று சில மாதங்களில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு, ஏவுகணைகளுக்கு வழிகாட்டும் கருவிகளைச் செய்யும் வேலைக்கு வந்தார். வேலை பார்த்துக்கொண்டே தபால் மூலம் படித்தார். பட்டம் வாங்கியபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவருக்குக் கீழே வேலை பார்த்த பலர், அவருக்கு முன்பே பட்டம் வாங்கியவர்களாக இருந்திருப்பார்கள்!

1965-ல் லாவோச்கின் நிலையத்தின் தலைமை நிபுணர் ஆனார். அதுவரை சந்திர எந்திரங்களைச் செய்துவந்த பெரிய நிபுணர் கொரோலெவ், அந்தப் பொறுப்பை பாபாகினிடம் கொடுத்தார். 1966 ஜனவரியில் கொரோலெவ் இறந்தார். இருபதாம் நாள், "லூனா-9" சந்திரனில் உடையாமல் இறங்கிப் படம் அனுப்பியது.

எடை என்ற எதிரி

இறங்குவது ஒரு வேலை. திரும்பி வருவது வேறு வேலை.

சந்திரனில் இருந்து கிளம்ப இன்னொரு ராக்கெட் வேண்டும். அதையும் பூமியில் இருந்தே சுமந்து போகவேண்டும். சுமார் 500 கிலோவுக்கு மேல் அதற்கு இடம் இல்லை. வழி தவறினால் திருத்திக்கொள்ள கருவிகள் வேண்டும்; அதற்கு எரிபொருள் வேண்டும். அவ்வளவும் வைத்தால் எடை தாங்காது. திட்டமே அங்கே நின்றுவிடும் போல் இருந்தது.

அப்போது கணித நிபுணர் ஒகோட்சிம்ஸ்கி ஒரு வழி கண்டார்.

ஓடும் பஸ்சில் இருந்து ஒரு கல்லைப் பின்பக்கமாக, பஸ்சின் அதே வேகத்தில் எறிந்தால் என்ன ஆகும்? கல் முன்னும் போகாது, பின்னும் போகாது. நேராகக் கீழே விழும். சந்திரனும் பூமியைச் சுற்றி நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் கிழக்குப் பக்கத்தில், குறித்த இடத்தில், குறித்த நேரத்தில், சரியான வேகத்தில் ராக்கெட்டை நேர் மேலே விட்டால், அந்த ஓட்டம் கழிந்துவிடும். பிறகு பூமியே அதை இழுத்துக்கொள்ளும். நடுவழியில் திருத்தவே வேண்டாம்!

பாபாகின் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். திருத்தும் கருவிகளை விட்டுவிட்டார். ஆகவே சந்திரனில் இறங்கும் இடம் தப்பக்கூடாது. ராக்கெட் கிளம்பிய பிறகு அதை யாரும் காப்பாற்ற முடியாது.

ஐந்து தோல்விகள்

1969 ஜூன் முதல் 1970 பிப்ரவரி வரை ஐந்து எந்திரங்கள் வீணாயின. இரண்டு, விண்வெளியை எட்டும் முன்பே விழுந்தன. இரண்டு, பூமியைச் சுற்றியதோடு சரி. சந்திரன் வரை போனது "லூனா-15" ஒன்றுதான். அமெரிக்க வீரர்கள் ஆம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் சந்திரனில் இருந்த அதே நேரத்தில், 1969 ஜூலை 21-ந் தேதி, அது சந்திரனில் மோதி நொறுங்கியது.

ஆறாவதுதான் லூனா-16. செப்டம்பர் 20-ந் தேதி, சந்திரனின் இரவுப் பகுதியில் இறங்கியது. துளைபோடும் கருவி 35 சென்டிமீட்டர் ஆழம் போனது. மண் உருண்டைக்குள் போய் மூடிக்கொண்டது. மறுநாள் ராக்கெட் நேர் மேலே கிளம்பியது. மூன்று நாள் பயணம். திருத்த வழி இல்லாத பயணம். கணக்குத் தப்பவில்லை.

அதே ஆண்டு நவம்பரில், பாபாகினின் "லுனோகோட்" வண்டி சந்திரனில் ஓடியது.

1971 ஆகஸ்டு 3-ந் தேதி பாபாகின் திடீரென்று இறந்தார். வயது 56. அதன் பிறகே அவருடைய பெயரை நாட்டு மக்கள் பத்திரிகையில் பார்த்தார்கள்.

அவர் வகுத்த முறையில் 1972-லும் 1976-லும் மீண்டும் மண் வந்தது. சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்து இருக்கிறார்கள். அது சந்திரனின் மறுபக்கத்தில் இருக்கிறது. பூமியில் இருந்து பார்த்தால் தெரியாது.