குதிரைக்குப் புதுவழி கண்ட இவானோவ்

எங்கள் தேவாரத்தில் பசு பருவம் வந்து கத்தினால் இப்போது யாரும் காளையைத் தேடி அலைவதில்லை. கால்நடை மருந்தகத்தில் சொல்லிச் சினை ஊசி போட்டுவிடுவர். பெயர்தான் ஊசியே தவிர, அது நீண்ட குழல் வழியாகக் காளையின் விந்தைக் கருப்பையில் சேர்ப்பதாகும். காளையே வராமல் கன்று எப்படி வரும் என்று என் அப்பத்தா கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. விலங்கியல் படிக்க வந்தபின் தேடினேன். அத்தேடல் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் மாட்டுத் தொழு அன்று, ரஷ்ய நாட்டுக் குதிரை லாயம்!

இல்யா இவானோவிச் இவானோவ் 1870ஆம் ஆண்டு ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதியில் பிறந்தார். 1896இல் கார்கோவ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். நாய்க்குச் செயற்கை முறையில் கருவூட்டலாம் என்று இத்தாலியரான ஸ்பல்லன்சானி 18ஆம் நூற்றாண்டிலேயே காட்டியிருந்தார். ஆனால் அது ஆய்வறை வியப்பாகவே நின்றுவிட்டது. அதைப் பண்ணைக்குக் கொண்டுவந்த பெருமை இவானோவையே சாரும்.

அந்நாளில் உழவுக்கும் போருக்கும் குதிரைதான் ரஷ்யாவின் பலம். நல்ல பொலிகுதிரையோ சில. ஒரு பருவத்தில் ஒன்று இருபது முப்பது பெண்குதிரைகளோடு மட்டுமே சேர முடியும். இவானோவ் 1901இல் டோல்கோயே என்னும் சிற்றூரில் குதிரைகளுக்கான செயற்கைக் கருவூட்டல் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். உலகில் இதுவே முதலாவது என்பர். அவர் கருவி மிக எளியது. தூய்மை செய்த கடற்பஞ்சைப் பெண்குதிரையின் பிறப்புறுப்பில் வைத்து, பொலிகுதிரை சேர்ந்தபின் அதை எடுத்துப் பிழிவார். அவ்விந்தைப் பங்கிட்டுப் பல குதிரைகளுக்குச் செலுத்துவார். இம்முறையால் ஒரு பொலிகுதிரை ஐந்நூறு பெண்குதிரைகள் வரை சினையாக்க முடியும் என்று நிறுவினார். விந்தணுவைச் செயற்கைக் கரைசலில் இட்டாலும் கரு தரிக்கும் என்பதையும் காட்டினார். என் கணிப்பில் இதுவே அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. விந்தணுவைக் கலந்து பெருக்கும் இன்றைய முறைக்கெல்லாம் அடிப்படை இதுதானே!

வரிக்குதிரையையும் கழுதையையும் கலந்தார். நம் போடி மலைப் பாதைகளில் மூட்டை சுமக்கும் கோவேறு கழுதையை அறிந்தவர்க்கு இது வியப்பாக இராது. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. மனிதனையும் குரங்கையும் கலக்கலாம் என்று எண்ணினார். 1927ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கினியாவில் பெண் சிம்பன்சிகளுக்கு மனித விந்தைச் செலுத்திப் பார்த்தார். எதுவும் கருவுறவில்லை. அங்கே மருத்துவமனைக்கு வரும் ஆப்பிரிக்கப் பெண்களுக்கு, அவர்கள் அறியாமலே குரங்கின் விந்தைச் செலுத்தவும் திட்டமிட்டார். காலனி அதிகாரிகள் இடங்கொடாததால் அது நடக்கவில்லை. அவரைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்த என் பேனா இவ்விடத்தில் தயங்கியது. இதை விட்டுவிட்டு எழுதலாமா என்றும் யோசித்தேன். குதிரைக்குச் செய்ததை ஏழைப் பெண்ணுக்கும் செய்யலாம் என்று ஒரு மேதை நினைத்திருக்கிறார். அதை மறைப்பது சரியன்று.

1930 டிசம்பரில் சோவியத் அரசு அவரைக் கைது செய்தது. விஞ்ஞானிகள் பலர் பிடிபட்ட காலம் அது. ஐந்தாண்டு நாடுகடத்தல் என்று தீர்ப்பாயிற்று. தொலைவிலுள்ள அல்மா ஆதாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கும் கால்நடைக் கல்வி நிலையம் ஒன்றில் பணியாற்றினார். 1932 மார்ச் 20இல் பக்கவாதத்தால் இறந்தார். உடலியல் மேதை பாவ்லவ் அவருக்கு இரங்கல் எழுதினார்.

டிராக்டர் வந்தபின் குதிரையின் தேவை குறைந்தது. அவர் வழி மாடுகளுக்குப் போயிற்று. இந்தியாவில் 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் என்பார் இதைத் தொடங்கினார். வேடிக்கை என்னவென்றால், பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் குதிரைக்கு மட்டும் இன்றும் இம்முறை கூடாது. அப்படிப் பிறந்த குட்டியைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை.

இத்தனையும் அப்பத்தாவிடம் சொன்னேன். குரங்குக் கதையைச் சொன்னதும் எழுந்து போய்விட்டார். சினை ஊசியில் பிறந்த எங்கள் செவலைக் கன்றுக்குத் தண்ணீர் காட்டும் நேரம் அது.