கணிதமேதை புவான்காரேயும் ஓய்வின் பயனும்

பிரான்சு நாட்டின் நான்சி நகரில் 1854 ஏப்ரல் 29 ஆம் திகதி பிறந்தவர் ஆன்றி புவான்காரே. ஐந்து வயதில் டிப்தீரியா நோய் கண்டு மாதக்கணக்கில் பேச முடியாதிருந்த அப்பிள்ளை, பின்னாளில் உலகம் போற்றும் கணிதமேதையானார். சுரங்கப் பொறியியலும் கற்ற அவர், 1879 இல் மாக்னி நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நிகழ்ந்தபோது, தாமே உள்ளே இறங்கி விசாரணை செய்தார். அவ்வாண்டின் இறுதியில் கான் நகரில் விரிவுரையாளரானார்.

1880 இல் ஜேர்மானிய அறிஞர் லாசரஸ் ஃபுக்ஸ் வகையீட்டுச் சமன்பாடுகள் பற்றி எழுதிய கட்டுரை அவர் கைக்குக் கிட்டியது. வெளியிலிருந்து வந்த அந்தத் தூண்டுதல் அவரை ஒரு புதுவகைச் சார்பை நோக்கித் திருப்பியது. அப்படியொன்று இருக்கவே முடியாது என நிறுவ 15 நாட்கள் முயன்றார், பலனில்லை. ஓரிரவு, வழக்கத்துக்கு மாறாகப் பால் சேராத கோப்பி அருந்தியதால் உறக்கம் வரவில்லை. விடிவதற்குள் அத்தகைய சார்புகள் உண்டு என்பது தெளிவாயிற்று. அவற்றுக்கு ஃபுக்ஸின் பெயரையே சூட்டினார்.

பின்னர் நிலவியற் சுற்றுலா ஒன்றுக்குப் புறப்பட்டார். பயணத்தில் கணக்கு மறந்தே போயிற்று. குட்டான்ஸ் என்னும் ஊரில் ஓம்னிபஸ் வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில், அச்சார்புகளுக்கும் யூக்ளிட் அல்லாத கேத்திரகணிதத்துக்கும் உள்ள தொடர்பு மனதில் பளிச்சிட்டது. அடுத்து எண்கணிதக் கேள்விகள் சில பிடிகொடாமற் போகவே, சலித்துப்போய்க் கடற்கரைக்குச் சென்றார். அங்கே ஒரு காலை, பாறை மேட்டில் உலாவுகையில், அதே கேத்திரகணிதமே இதற்கும் வழி என்பது தோன்றியது. ஒரு விடை மறு கேள்விக்குக் குறிப்பாயிற்று.

1908 இல் பாரிசில் ஆற்றிய உரையில் இவற்றை அவரே விளக்கினார். முன்னே கடும் உழைப்பு இல்லாவிடின் இத்தகைய ஒளி பிறவாது. பிறந்தபின்னும் அமர்ந்து சரிபார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1912 யூலை 17 இல், 58 ஆவது வயதில் அவர் காலமானார்.

1931 இல் அமெரிக்க உளவியலாளர் நோர்மன் மேயர் கூரையிலிருந்து இரு கயிறுகளைத் தொங்கவிட்டு, அவற்றை முடியுமாறு சிலரிடம் கூறினார். ஒன்றைப் பிடித்தால் மற்றது எட்டாது. திகைத்து நின்றவர்களுக்கு அருகே நடந்து, தற்செயல்போல ஒரு கயிற்றை உரசி ஆடவிட்டார். பலர் உடனே பாரம் கட்டிக் கயிற்றை ஊசலாக்கினர். ஆனால் குறிப்புக் கிடைத்ததை உணர்ந்தவர் சிலரே. தேடுகின்ற மனத்துக்குச் சிறு அசைவும் போதும்.

பெற்றோர்களே, புலம்பெயர்ந்த நாட்டில் பிள்ளை படித்தே முன்னேற வேண்டும் என்ற ஏக்கத்தில், கதிரையை விட்டு எழும்பவும் நாம் விடுவதில்லை. பரீட்சை மீதி சமப்படாத இரவில், அதே பக்கத்தைப் பத்தாம் முறை கூட்டுவதிலும் பார்க்கச் சற்று நடந்துவிட்டு வருவது மேல் என்பது கணக்காளருக்குத் தெரியும். கணக்கைத் தொடாத பிள்ளைக்கு உலாவினாலும் விடை வராது. உண்மையாக முயன்று களைத்த பிள்ளையை வெளியே விளையாட விடுங்கள். திரும்பி வந்ததும், அதே கணக்கை மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள்.