வைரத்தின் ஒளியை ஆராய்ந்த இராமன்

சோழவள நாட்டு இல்லங்களில் புளூ ஜாகர் வைரத்தோட்டுக்குத் தனி மதிப்புண்டு. வெயிலில் அக்கல் மெல்லிய நீலம் காட்டும். அந்நீலம் எதனால் பிறக்கிறது என ஆராய்ந்த பேரறிஞருள் ஒருவர் சர் சி. வி. இராமன். அவர்தம் முன்னோர் தஞ்சைத் தரணியின் வேளாண் குடியினர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

இராமன் 1888 நவம்பர் 7 ஆம் நாள் திருவானைக்காவலில் பிறந்தார். 1928 இல் தம் பெயர் தாங்கிய விளைவைக் கண்டறிந்து, 1930 இல் நோபல் பரிசு பெற்றார். 1933 இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். அங்கே அவர் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தது வைரம்.

புறஊதாக் கதிர் பட்டதும் சில வைரங்கள் நீலமாகவும் சில பச்சையாகவும் ஒளிர்கின்றன. சில ஒளிர்வதே இல்லை. இவ்வேற்றுமைக்குக் காரணம் மாசு அன்று, அணுக்கள் அமைந்த முறையே என்றார் இராமன். அவர்தம் மாணவி அன்னா மணி, ஒரே நிழற்படத் தகட்டுக்கு 15 முதல் 20 மணி நேரம் ஒளியேற்றி, முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் நிறமாலைகளைப் பதிவு செய்தார். 1945 இல் அவர் அளித்த ஆய்வேட்டுக்கு, முதுகலைப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்கவில்லை. எனினும் அவர் வானிலைத் துறையில் பெரும்புகழ் எய்தினார்.

1959 இல் அமெரிக்காவில் பணியாற்றிய அறிஞர் இருவர் வைரத்தினுள் நைட்ரஜன் கலந்திருப்பதைக் கண்டறிந்தனர். மூன்று நைட்ரஜன் அணுக்கள் ஒரு வெற்றிடத்தைச் சூழ்ந்து நிற்பதே அந்நீல ஒளிக்குரிய முதன்மைக் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இராமனோ தம் கொள்கையைக் கைவிட்டாரல்லர். 1970 நவம்பர் 21 ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவ்வாறாயின் அவ்வுழைப்பு வீணோ? அன்று. மண்ணின் ஆழத்தில் நெடுங்காலம் வெந்த கல்லில்தான் நைட்ரஜன் அணுக்கள் மெல்ல நகர்ந்து அங்ஙனம் கூடும். ஆய்வகத்தில் சில வாரங்களில் வளர்த்த வைரத்தில் அக்கூட்டு பெரும்பாலும் அமைவதில்லை. அதன் ஒளிர்வும் வேறுபடுகிறது. ஆதலின் இன்று இயற்கைக் கல்லையும் ஆய்வகக் கல்லையும் பிரித்தறியும் வழிகளுள் ஒளிர்வுச் சோதனையும் ஒன்றாக விளங்குகிறது.

கொள்கை பிழைபடலாம், நேர்மையாகக் கண்டு பதிந்த சான்று பிழைபடுவதில்லை. பட்டம் மறுக்கப்பட்ட மாணவியின் பதிவுகளும் அத்தகையனவே. ஆய்வுத் துறையில் அடியெடுத்து வைக்கும் நம் மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக.