‘அனிகட்’ முதல் ‘பரையா’ வரை... சொற்களின் வேரைத் தேடிய கால்டுவெல்: யார் இவர்? என்ன செய்தார்?

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தெரியாதவர்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் அநேகமாக இருக்க மாட்டார்கள். தாமிரபரணி கடலுக்குப் போவதற்கு முன் உள்ள கடைசி அணைக்கட்டு அது. ஆனா, ‘அணைக்கட்டு’ என்ற நம்ம சொல் ‘அனிகட்’ என்ற உருவத்தில் ஆங்கில அகராதியில் இடம்பிடித்திருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அது ஒண்ணு மட்டும் இல்லை. மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுக்கும் சங்கு, ஆங்கிலத்தில் ‘சாங்க்’. சுருட்டு ‘ஷெரூட்’ ஆனது. குருந்தம் என்ற கல் ‘கொரண்டம்’ ஆனது. மிளகுத் தண்ணீர், ‘மல்லிகட்டானி’ என்ற பெயரில் வெள்ளைக்காரர்களின் சூப் ஆனது. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆகி, இப்போ இரண்டு அடிப்பாகம் கொண்ட சொகுசுப் படகைக் குறிக்குது. மரங்களைக் கயிறு போட்டுக் கட்டிய பழைய கதை அந்தப் படகில் போகிறவர்களுக்குத் தெரியாது.

ஒரு சொல் எங்கே பிறந்தது, எந்த வழியாக எங்கே போய்ச் சேர்ந்தது? இந்தக் கேள்வியோடு இதே தென்கோடி மண்ணில் அரை நூற்றாண்டு வாழ்ந்தவர் ராபர்ட் கால்டுவெல்.

யார் இந்த கால்டுவெல்?

1814 மே 7 அன்று அயர்லாந்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், வசதி இல்லாத குடும்பம். சிறு வயதிலேயே குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குத் திரும்பியது. அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, கிரேக்க மொழிப் பேராசிரியர் ஒருவரின் வகுப்புகள் அவரைத் திசைதிருப்பின. மொழிகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தால் அவற்றின் உறவு தெரியும் என்ற எண்ணம் அங்கேதான் விதையாக விழுந்தது.

மதப் பணிக்காகக் கப்பல் ஏறி, 1838 ஜனவரியில் சென்னை வந்து இறங்கினார். அந்தக் கப்பலில் அவருக்குக் கிடைத்த துணை, தெலுங்கு அறிஞர் சி.பி.பிரவுன். மாதக்கணக்கில் நீண்ட அந்தப் பயணத்திலேயே இந்திய மொழிகள் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது.

1841ல் சென்னையில் இருந்து கிளம்பி, பெரும்பாலும் நடந்தே தெற்கே வந்தார். கடைசியில் தங்கிய இடம், திசையன்விளை பக்கம் தேரி மணலும் பனையுமாக இருந்த இடையன்குடி. 1844ல் எலைசாவைத் திருமணம் செய்தார். நாகர்கோவிலில் வளர்ந்த எலைசாவுக்குத் தமிழ் சரளம். ஊர்ப் பெண்களுக்குப் பள்ளி தொடங்கி, லேஸ் பின்னும் தொழிலையும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

அவர் கண்டுபிடித்தது என்ன?

அந்தக் காலத்து ஐரோப்பிய அறிஞர்கள் பலரும், இந்திய மொழிகள் எல்லாமே சமஸ்கிருதத்தில் இருந்து பிறந்தவை என்றே நம்பினார்கள். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816லேயே எல்லிஸ் என்ற சென்னை அதிகாரி எடுத்துச் சொல்லியிருந்தார். ஆனா அதை விரிவாக, மொழி மொழியாக நிறுவிக் காட்டியது கால்டுவெல் 1856ல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்.

அவர் கையாண்ட வழி இதுதான். கடன் வாங்கக்கூடிய சொற்களை விட்டுவிட வேண்டும். ஒரு மொழி எளிதில் கடன் வாங்காத சொற்களை எடுக்க வேண்டும். உடல் உறுப்பு, எண்கள், நான் - நீ போன்ற பெயர்கள், வினைச்சொல்லின் அமைப்பு ஆகியவை அப்படிப்பட்டவை. தமிழில் ‘கண்’, தெலுங்கில் ‘கன்னு’, கன்னடத்தில் ‘கண்ணு’. தமிழில் ‘மூன்று’, மலையாளத்தில் ‘மூன்னு’, கன்னடத்தில் ‘மூரு’, தெலுங்கில் ‘மூடு’. இப்படி வரிசையாகப் பொருந்தினால் அது தற்செயல் இல்லை, ரத்த உறவு.

1875ல் வந்த இரண்டாம் பதிப்பில் 12 மொழிகள் வரை இந்த ஒப்பீடு விரிந்தது. அந்தக் குடும்பத்துக்கு ‘திராவிடம்’ என்ற பெயர் உலக அளவில் நிலைத்ததும் இந்த நூலால்தான். அந்தப் பெயரை அவர் புதிதாக உருவாக்கவில்லை. பழைய சமஸ்கிருத நூல்களில் இருந்த சொல்லை எடுத்து, ஒரு மொழிக் குடும்பத்தின் பெயராக்கினார். பின்னாளில் தமிழ்நாட்டு அரசியலின் மையச் சொல்லாகவே அது மாறியது.

பைபிளில் மயில் தோகையா?

கால்டுவெல்லின் தேடலில் சுவாரஸ்யமான பகுதி இது. பழைய ஏற்பாட்டில், சாலமன் மன்னருக்காகக் கப்பலில் வந்த பொருட்களில் மயிலும் உண்டு. அதற்கு அங்கே உள்ள எபிரேயச் சொல் ‘துகி’. இது தமிழ் ‘தோகை’யே என்பது கால்டுவெல்லின் வாதம். எபிரேய ஏட்டில் உள்ள மிகப் பழைய தமிழ்ச் சொல் இதுதான் என்று இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது.

அடுத்தது அரிசி. ஆங்கில ‘ரைஸ்’ பிரெஞ்சு, இத்தாலி, லத்தீன் வழியாக கிரேக்க ‘ஒரிசா’வில் இருந்து வந்தது. அந்த கிரேக்கச் சொல்லுக்கு வேர் ‘அரிசி’ என்றார் கால்டுவெல். ஆனா இதில் இன்று கருத்து வேறுபாடு இருக்கு. பழைய ஈரானிய மொழி வழியாக அது கிரேக்கத்துக்குப் போயிருக்கலாம் என்பது இன்றைய மொழியியலாளர்கள் பலரின் கருத்து.

கொற்கையில் தோண்டியது ஏன்?

அவர் சொல்லாராய்ச்சியை ஏட்டோடு நிறுத்தவில்லை. கிரேக்கப் பயணக் குறிப்புகளில் முத்துக்குப் பேர்போன ‘கொல்கோய்’ என்ற துறைமுகம் வருகிறது. மன்னார் வளைகுடாவையே அதன் பெயரால்தான் கிரேக்கர்கள் அழைத்தார்கள். அந்த இடம், ஏரல் பக்கம் உள்ள கொற்கை என்று அடையாளம் காட்டினார். 1877ல் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து, அதை ஆய்விதழில் எழுதினார்.

கடலே கண்ணுக்குத் தெரியாத ஊர் எப்படித் துறைமுகம் ஆனது? தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை கிழக்கே நகர்ந்தது. கொற்கை உள்நாட்டு ஊர் ஆகிப்போனது. வணிகம் பழைய காயலுக்கு மாறியது, அதுவும் தூர்ந்தது. மார்கோ போலோ எழுதிய ‘காயில்’ நகரம் இந்தப் பழைய காயல்தான் என்பதும் கால்டுவெல்லின் முடிவு.

தூத்துக்குடி என்ற பெயருக்கும் அவர் ஒரு விளக்கம் சொன்னார். ‘தூர்த்தல்’ என்றால் கிணறு, பள்ளத்தை மண்ணால் நிரப்புவது. கிணறுகள் மணலால் தூர்ந்துபோகும் குடியிருப்பு என்பதால் தூத்துக்குடி என்றார்.

ஹாப்சன்-ஜாப்சனில் கால்டுவெல்

மார்கோ போலோ நூலை ஆங்கிலத்தில் பதிப்பித்தவர் ஹென்றி யூல். காயல் பற்றி கால்டுவெல் அனுப்பிய தகவல்களை அதன் குறிப்புகளில் சேர்த்தார். இதே யூல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெலோடு சேர்ந்து இன்னொரு பெரிய வேலையையும் செய்தார். ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களுக்கு அவர்கள் தொகுத்த அகராதிதான் ‘ஹாப்சன்-ஜாப்சன்’. 1882ல் பர்னெல் இறந்துவிட, 1886ல் நூல் வெளியானது. அதில் தமிழ்ச் சொற்கள் வரும் இடங்களில் கால்டுவெல்லின் விளக்கங்கள் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டன.

அதில் முக்கியமானது ‘பரையா’. ஆங்கிலத்தில் இது ‘ஒதுக்கப்பட்டவர்’ என்ற பொருளில் பரவிவிட்டது. மலைவாசி என்று பொருள்படும் வடசொல்லில் இருந்து வந்தது என்றுகூட சிலர் எழுதினார்கள். கால்டுவெல் இதை மறுத்தார். பறை என்ற இசைக்கருவியில் இருந்து வந்த பெயர் இது என்றார். ஐரோப்பியர்கள் நினைப்பது போல இவர்கள் சமூகத்துக்கு வெளியே தள்ளப்பட்ட கூட்டம் இல்லை, தனி அடையாளம் கொண்ட சமூகம் என்றும் விளக்கினார். ஆனாலும் ஆங்கிலச் செய்திகளில் அந்தச் சொல் இன்றும் அதே தவறான பொருளில்தான் புழங்குது. ஒரு சமூகத்தின் பெயரை இழிசொல்லாக்கலாமா என்ற எதிர்ப்பும் தொடருது.

‘கேஷ்’ தமிழ்ச் சொல்லா?

சமூக வலைதளங்களில் அடிக்கடி சுற்றும் தகவல் இது. பாதிதான் உண்மை. ‘காசு’ என்ற சொல் போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஆசியாவின் சின்ன நாணயங்களைக் குறித்தது. நாம் கடையில் சொல்லும் ‘கேஷ்’ வேறு. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலிச் சொல்லில் இருந்து வந்தது. ஓசை ஒத்துப்போனால் மட்டும் உறவு ஆகிவிடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அவர் சறுக்கிய இடங்கள்

கால்டுவெல்லும் தப்பு செய்தவர்தான். திராவிட மொழிகளை மத்திய ஆசியாவின் ‘சிதிய’ மொழிகளோடு அவர் இணைத்தது பின்னாளில் ஏற்கப்படவில்லை.

அதைவிடக் கனமானது, 1849ல் நாடார் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல். அந்த மக்களோடு வாழ்ந்துகொண்டே அவர்களைத் தாழ்த்திக் காட்டியதாகக் கடும் எதிர்ப்பு எழுந்தது. நூல் புழக்கத்தில் இருந்து விலக்கப்பட்டது. ஒரு சமூகத்தின் பெயருக்குப் படிந்த இழிவைத் துடைக்க முயன்றவரே, இன்னொரு சமூகத்தைக் காயப்படுத்தினார் என்ற விமர்சனம் அவர் மீது இன்றும் உண்டு.

கடைசி நாட்கள்

1877ல் பிஷப் ஆனார். 1881ல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை எழுதினார். இடையன்குடியில் 1847ல் அடிக்கல் போட்ட தேவாலயத்தை 1880ல்தான் முடித்தார், 33 ஆண்டு வேலை. 1891 ஜனவரியில் பதவி விலகி, அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி சென்னை மெரினாவில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது தமிழக அரசின் நினைவு இல்லம். தூத்துக்குடியில் அவர் பெயரில் பள்ளி நடக்குது. அவர் எழுதிய ஒப்பிலக்கணம் எத்தனையோ திருத்தங்களைச் சந்தித்துவிட்டது. ஆனா தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஒரே குடும்பம் என்ற அதன் அடிப்படை முடிவு இன்றும் அசையவில்லை.