ஆதர் சி. கிளார்க்: வானலைகளுக்கு விண்ணில் வழி கண்டவர்

அறிமுகம்

செய்தியைத் தொலைவிடங்களுக்கு அனுப்ப மனிதன் கண்ட வழிகள் பல. கம்பிவழி அனுப்பினான், கம்பி அறுந்தால் செய்தியும் நின்றது. வானொலி அலைவழி அனுப்பினான். இரவு பகல் மாற்றமும் சூரியனின் மாற்றமும் அதனைக் குழப்பின. இவ்விரு தடைகளையும் கடக்கும் வழியொன்றை 27ஆவது வயதில் கணித்து எழுதி, அதற்கு உரிமை எதுவும் கோராமல் உலகிற்கு விட்டுக்கொடுத்தவர் ஆதர் சி. கிளார்க் ஆவார். பிறப்பால் ஆங்கிலேயரான இவர், தம் வாழ்வின் பிற்பாதி முழுவதையும் இலங்கையிலேயே கழித்தார். விஞ்ஞானம், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஆகிய பாடங்களில் நீங்கள் கற்கும் செய்மதி, இலக்கமுறைச் சைகை, வலையமைப்பு ஆகிய விடயங்கள் இவருடைய வாழ்க்கையோடு இணைந்தவை.

இளமைப் பருவம்

கிளார்க் 1917 டிசெம்பர் 16இல் இங்கிலாந்தின் சமர்செற் மாவட்டத்திலுள்ள மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரிற் பிறந்தார். தாயார் அஞ்சலகத்திலே தந்தி அனுப்புநராகக் கடமையாற்றியவர். புள்ளியும் கோடும் கொண்ட மோர்ஸ் குறியீட்டால் செய்தி அனுப்புவதே அவரது தொழிலாக இருந்தது. பின்னர் குடும்பம் பண்ணை விவசாயத்தில் ஈடுபட்டது. கிளார்க்கிற்கு 13 வயதாக இருக்கையில் தந்தையார் காலமானார். தாயார் பண்ணையை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார்.

வறுமையிலும் சிறுவனின் ஆர்வம் குன்றவில்லை. தாமே அமைத்த தொலைகாட்டியால் சந்திரனைப் பார்த்து அதன் படத்தை வரைந்தார். அமெரிக்க விஞ்ஞானக் கதைச் சஞ்சிகைகளைத் தேடித்தேடி வாசித்தார். ரோன்ரன் நகரிலுள்ள பாடசாலையிற் கற்றுத் தேறியபோதிலும் பல்கலைக்கழகம் செல்லப் பணம் இருக்கவில்லை. 1936இல் இலண்டன் சென்று அரச திணைக்களமொன்றிற் கணக்காய்வு எழுதுநரானார். பகலிற் கணக்கேடும் மாலையில் விண்வெளி ஆராய்ச்சி நண்பர்களும் என நாட்கள் கழிந்தன. மனிதன் விண்வெளி செல்வான் என்று நம்பிய ஒரு சிலரால் 1933இல் தொடங்கப்பட்ட பிரித்தானியக் கோளிடைச் சங்கத்தில் அவர் தீவிர உறுப்பினராக இருந்தார்.

போரும் ராடரும்

இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் கிளார்க் பிரித்தானிய விமானப்படையிற் சேர்ந்தார். மூடுபனியில் ஓடுபாதையைக் காணமுடியாத விமானியை, தரையிலுள்ள ராடரின் உதவியுடன் வானொலியிற் பேசிப் பத்திரமாக இறக்கும் புதிய முறையொன்றில் அவர் பணியாற்றினார். நுண்ணலைகள் எவ்வாறு நேர்கோட்டிற் செல்கின்றன, எவ்வாறு கூரிய கற்றையாக்கப்படுகின்றன என்பவற்றை நூலில் அன்றி நேரிலேயே அறிந்துகொண்டார். பின்னாளில் அவர் எழுதிய கட்டுரைக்கு இந்த அனுபவமே அடித்தளமாயிற்று.

1945ஆம் ஆண்டுக் கட்டுரை

அக்காலத்தில் நாடுகளுக்கிடையே வானொலித் தொடர்பு சிற்றலைகளால் நடைபெற்றது. சிற்றலைகள் அயன மண்டலத்திற் பட்டுத் திரும்புவதால் நெடுந்தூரம் செல்கின்றன. ஆனால் அயன மண்டலம் நிலையானதன்று. பகலிற் கேட்ட நிலையம் இரவிற் கேட்காது. சூரியப் புயலின்போது எதுவுமே கேட்காது. மீடிறன் மிகக் கூடிய நுண்ணலைகளோ அயன மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு நேரே சென்றுவிடுகின்றன. புவி உருண்டையாதலால் அவை அடிவானத்திற்கு அப்பாலுள்ள ஊரை அடைவதில்லை. எனவே, மிக உயரத்தில் அசையாது நிற்கும் அஞ்சல் நிலையம் ஒன்று தேவைப்பட்டது.

இதற்கான விடையைக் கிளார்க் எளிய பௌதிகவியலிலிருந்து பெற்றார். புவியிலிருந்து தூரம் கூடக்கூடச் செய்மதி ஒரு சுற்றுக்கு எடுக்கும் காலமும் கூடும். புவி மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் அக்காலம் 24 மணித்தியாலமாகும். புவியும் அதே காலத்திலே தன்னைத்தானே சுற்றுவதால், மத்தியகோட்டிற்கு மேலாக அவ்வுயரத்திற் சுற்றும் செய்மதி வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். ஒன்றுக்கொன்று 120 பாகை இடைவெளியில் மூன்று செய்மதிகளை நிறுத்தினால், துருவப் பகுதிகள் தவிர்ந்த உலகம் முழுவதையும் இணைக்கலாம்.

இத்தகைய சுற்றுப்பாதை உண்டென்பதை அவருக்கு முன்னரும் சிலர் எழுதியிருந்தனர். ஆனால் அதனை உலகத் தொடர்பாடலுக்குரிய முழுத் திட்டமாக, கணிப்புகளோடு விளக்கியவர் கிளார்க்கே. வானொலிப் பொறியியலாளரும் வானொலி ஆர்வலரும் வாசித்த ‘வயர்லெஸ் வேள்ட்’ என்னும் சஞ்சிகையின் 1945 ஒக்டோபர் இதழில் அக்கட்டுரை வெளிவந்தது. கிடைத்த ஊதியம் 15 பவுண். அவர் ஆக்கவுரிமைப் பத்திரம் எதுவும் பெறவில்லை. செய்மதியும் இல்லை, அதனை ஏவும் உந்துகணையும் இல்லை என்ற அக்காலத்தில் பலருக்கு அது கற்பனையாகவே தோன்றியது.

கிளார்க்கும் ஒன்றிலே தவறினார். வெற்றிடக் குழாய்கள் அடிக்கடி பழுதடைவன ஆதலால், அவற்றை மாற்றுவதற்குச் செய்மதியில் மனிதர் தங்கியிருக்க வேண்டும் என்று எண்ணினார். 1947இல் திரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டதோடு அத்தேவை நீங்கியது.

கனவு நனவாதல்

போருக்குப் பின்னர் கிளார்க் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் கணிதமும் பௌதிகவியலும் கற்று 1948இல் முதல் வகுப்பிற் சித்தியடைந்தார். தொடர்ந்து எழுத்தையே தொழிலாக்கிக்கொண்டார். 1957 ஒக்டோபர் 4இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செய்மதியை ஏவியது. 1964இல் சின்கொம்-3 புவிநிலைச் சுற்றுப்பாதையை அடைந்து, தோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளை அமெரிக்காவிற்கு அஞ்சல் செய்தது. 1965இல் ‘ஏர்லி பேர்ட்’ என்னும் வணிகச் செய்மதி 240 தொலைபேசி இணைப்புகளுடன் அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரு கரைகளையும் இணைத்தது. கட்டுரை வெளிவந்து 20 ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்று அச்சுற்றுப்பாதை கிளார்க் சுற்றுப்பாதை எனவும் வழங்கப்படுகின்றது.

இலங்கையில் வாழ்வு

ஆழ்கடலில் நீந்தும் ஆர்வமே கிளார்க்கை இலங்கைக்குக் கொண்டுவந்தது. 1954இல் முதன்முறை வந்தவர், 1956 முதல் இங்கேயே வசிக்கலானார். அவ்வாண்டில் நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலையில் சுவாமிமலைக்குக் கீழே கடலில் மூழ்கி, போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்.

1962இல் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. அதன் பின்விளைவால் முதுமையில் சக்கர நாற்காலியிலேயே வாழ நேர்ந்தது. எனினும் உலகத்தோடான தொடர்பு அறவில்லை. 1975இல் இந்தியா, செய்மதி மூலம் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியை வழங்கிப் பரிசோதித்தது. அதனைப் பார்ப்பதற்கான கிண்ண அன்ரனா ஒன்றை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தினர் கொழும்பில் அவரது இல்லத்திற் பொருத்திக் கொடுத்தனர். 1983இல், தமது கதையொன்று திரைப்படமானபோது, அமெரிக்காவிலிருந்த இயக்குநருடன் கணினியையும் மோடெத்தையும் கொண்டு நாள்தோறும் கடிதம் பரிமாறினார். மின்னஞ்சல் என்ற சொல்லைப் பலர் அறியாத காலம் அது.

1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். 1984இல் மொறட்டுவை கட்டுபெத்தையில் அவரது பெயரில் நவீன தொழினுட்ப நிலையம் நிறுவப்பட்டது. 2005இல் ஸ்ரீலங்காபிமான்ய விருது வழங்கப்பட்டது. 2008 மார்ச் 19இல் தமது 90ஆவது வயதிற் கொழும்பில் காலமானார். பொரளைப் பொது மயானத்தில் அவரது உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது.

அமெச்சூர் வானொலியும் இலக்கமுறைத் தொடர்பாடலும்

வருமானம் கருதாமல், அறிவிற்காகவும் சேவைக்காகவும் அனுமதிப்பத்திரம் பெற்று வானொலி நிலையம் நடத்துவோர் அமெச்சூர் வானொலியாளர் எனப்படுவர். கிளார்க் காட்டிய வழியில் அரசுகளும் பெரிய கம்பனிகளும் மட்டும் செல்லவில்லை, இவர்களும் சென்றனர். 1961 டிசெம்பரில் அமெரிக்க அமெச்சூர்கள் தாமே கட்டிய ஒஸ்கார்-1 செய்மதி ஏவப்பட்டது. அது மோர்ஸ் குறியீட்டில் நான்கு புள்ளி, பின்னர் இரண்டு புள்ளி என ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. செய்மதியின் உள்வெப்பநிலை மாறும்போது அதன் வேகமும் மாறும். ஆகவே அதனைக் கேட்டவர்கள் விண்ணிலுள்ள வெப்பநிலையையும் அறிந்தனர். பொத்தான் அளவு தகவலாயினும் அது விண்ணிலிருந்து வந்த தரவாகும்.

அடுத்த படி இலக்கமுறையாகும். ஒப்புமைச் சைகையிற் கலந்த இரைச்சலைப் பிரிப்பது கடினம். இலக்கமுறையில் 0, 1 என்னும் இரு நிலைகளே உண்டு. ஆதலால் நலிந்த சைகையையும் சரியாக அடையாளங் காணலாம். அமெச்சூர்கள் செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அனுப்புநர், பெறுநர் அடையாளங்களையும் பிழை காண்பதற்கான இலக்கங்களையும் சேர்த்தனர். பிழையான பொதி ஏற்கப்படாது. அது மீண்டும் அனுப்பப்படும். இதுவே பொதி வானொலி எனப்படும். இணையத்திலும் தரவு இவ்வாறே பொதிகளாகச் செல்கின்றது.

1986இல் யப்பான் ஏவிய பூஜி ஒஸ்கார்-12 என்னும் அமெச்சூர் செய்மதி விண்ணில் ஓர் அஞ்சலகமாகவே இயங்கியது. ஒரு நாட்டின் மேலாகச் செல்லும்போது பொதிகளை வாங்கிச் சேமித்து, மறு நாட்டின் மேலாகச் செல்லும்போது கொடுத்தது. அதன் வேகம் செக்கனுக்கு 1,200 பிற்றுகள். தந்தி அனுப்பிய தாயின் மகன் கண்ட விண்வழியில், எழுத்துகள் மீண்டும் குறியீடாகிப் பயணஞ் செய்தன.

2019 பெப்ரவரியில் கட்டார் நாட்டின் எஸ்ஹெயில்-2 செய்மதியில் அமெச்சூர் அஞ்சற் கருவி சேவையில் இணைந்தது. கிளார்க் சுற்றுப்பாதையில் அமெச்சூர்களுக்குக் கிடைத்த முதலாவது இடம் அதுவாகும். அதன் வீச்செல்லையில் இலங்கையும் அடங்கும். ஒரு மீற்றரிலும் குறைந்த விட்டமுள்ள கிண்ண அன்ரனாவை மேற்கு வானை நோக்கிச் சரியாகத் திருப்பினால், வன்னியிலுள்ள ஒரு முற்றத்திலும் அதன் சைகை வந்து விழும். அதே ஆண்டில் இலங்கையின் ‘இராவணா-1’ என்னும் சிறு செய்மதியும் விண்ணை அடைந்தது. அதனை உருவாக்கிய பொறியியலாளர் இருவரும் கிளார்க்கின் பெயரைத் தாங்கிய நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே.

நாம் பெறும் பாடம்

போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதிக்குப் பல ஆண்டுகள் தொலைபேசிக் கம்பி இணைப்பு இருக்கவில்லை. கடல் கடந்த உறவினரின் குரலைக் கேட்க மக்கள் ஏங்கினர். உதவி நிறுவனங்கள் செய்மதித் தொலைபேசியையும் வானொலியையும் நம்பியிருந்தன. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவு உட்படக் கரையோரத்தைத் தாக்கியபோது, பல இடங்களிற் தொலைபேசி செயலிழந்தது. தென்கரையில் அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைத்தோர் இலங்கை வானொலிச் சங்கத்தின் அமெச்சூர்களே. செய்தி செல்லும் வழி ஒன்றாக மட்டும் இருத்தல் ஆபத்தானது என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

இலங்கையில் வானொலிச் சைகை அனுப்ப விரும்புவோர், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையிற் சித்தியடைந்து அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். அனுமதியின்றி அனுப்புதல் குற்றமாகும்.

பணமின்மையால் பல்கலைக்கழகம் செல்ல இயலாத எழுதுநர் ஒருவர், பாடசாலையிற் கற்ற பௌதிகவியலையும் பணியிற் பெற்ற அனுபவத்தையும் இணைத்துச் சிந்தித்தார். கண்ட உண்மையை மறைக்காது எழுதினார். அவருக்குக் கிடைத்தது 15 பவுண். உலகிற்குக் கிடைத்தது ஒரு வழி. நீங்கள் கற்கும் சமன்பாடும் ஒருநாள் ஒருவருக்கு வழியாகலாம் என்பதே கிளார்க்கின் வாழ்க்கை மாணவர்க்குத் தரும் செய்தியாகும்.

நினைவிற் கொள்க

1917 – கிளார்க் பிறப்பு
1945 – ‘வயர்லெஸ் வேள்ட்’ கட்டுரை
1956 – இலங்கையிற் குடியேறல்
1961 – முதலாவது அமெச்சூர் செய்மதி ஒஸ்கார்-1
1964 – சின்கொம்-3 புவிநிலையை அடைதல்
1986 – பூஜி ஒஸ்கார்-12
2008 – கிளார்க் மறைவு
2019 – எஸ்ஹெயில்-2 அமெச்சூர் சேவை, இராவணா-1

பயிற்சி வினாக்கள்

1. புவிநிலைச் செய்மதி வானில் அசையாது நிற்பதுபோலத் தோன்றுவது ஏன்?

2. நுண்ணலைகள் நெடுந்தூரத் தொடர்பாடலுக்கு அஞ்சல் நிலையத்தை வேண்டிநிற்பது ஏன்?

3. ஒளியின் வேகம் செக்கனுக்கு 300,000 கி.மீ. ஆகும். நேர் கீழேயுள்ள நிலையத்திலிருந்து 36,000 கி.மீ. உயரத்திலுள்ள செய்மதிக்குச் சென்று திரும்பச் சைகை எடுக்கும் நேரம் யாது?
(விடை: 72,000 ÷ 300,000 = 0.24 செக்கன்)

4. செக்கனுக்கு 1,200 பிற்றுகள் வேகத்தில், எழுத்தொன்றுக்கு 8 பிற்றுகள் எனின், செக்கனில் எத்தனை எழுத்துகள் அனுப்பலாம்?
(விடை: 150)

5. ஒப்புமைச் சைகையிலும் இலக்கமுறைச் சைகை சிறந்ததாவதற்கு ஒரு காரணம் தருக.

6. பொதி வானொலியில் ஒரு பொதி பழுதடைந்து வந்தால் நிகழ்வது யாது?