குருதிநீரைப் பிரித்துக் காட்டிய டிசேலியஸ்

வலங்கைமான் மகாமாரியம்மன் கோயிலில் பங்குனித் திருவிழாவின்போது பாடைக்காவடி எடுப்பதை நம்மில் அறியாதார் இலர். சாவின் வாயில்வரை சென்று மீண்டவர், பிணம்போல் பாடையில் படுத்துக் கோயிலை வலம்வந்து நேர்த்திக்கடன் கழிப்பர். பெரியம்மை கண்டு பிழைத்தவரை அந்நோய் மீண்டும் தீண்டாது என்பதும் நம் பாட்டிமார் அறிந்த உண்மையே. அவ்வாறு காத்து நிற்கும் எதிர்ப்பொருள் குருதியின் எப்பகுதியில் உறைகிறது? மின்சாரத்தின் துணைகொண்டு விடை கண்டவர் சுவீடன் நாட்டு ஆர்னே டிசேலியஸ்.

1902 ஆகஸ்டு 10-ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் பிறந்த அவர், நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். 1921-இல் உப்சாலா பல்கலைக்கழகம் சேர்ந்து, 1925-இல் கூழ்ம வேதியியல் மேதை ஸ்வெட்பெரியின் உதவியாளரானார்.

நீரில் மிதக்கும் நுண்துகள்கள் மின்சுமை உடையவை. மின்புலத்தில் அவை எதிர்முனை நோக்கி நகரும். களிமண் துகள்கள் இவ்வாறு நகர்வதை 1807-இலேயே மாஸ்கோவில் ராய்ஸ் கண்டார். (நம் வயல்களின் காவிரி வண்டலும் இதற்கு விலக்கன்று.) புரதங்களும் அவ்வாறே, ஆனால் ஒவ்வொன்றின் வேகமும் வேறு. வேகம் வேறானால் பிரித்துவிடலாமன்றோ?

சொல்வது எளிது. மின்சாரம் பாயும்போது நீர் சூடேறுகிறது. சூடேறிய நீர் கலங்குகிறது. பிரிந்தவை மீண்டும் கலந்துவிடுகின்றன. 1930-இல் இவ்வாய்வுக்கே முனைவர் பட்டம் பெற்றும் டிசேலியசுக்கு மனநிறைவில்லை. சில ஆண்டுகள் வேறு ஆய்வில் ஈடுபட்டார். 1934-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் சென்று திரும்பியபின், கருவியை அடியோடு மாற்றியமைத்தார். உருண்டைக் குழாய்க்குப் பதில் வெப்பத்தை விரைவில் வெளிவிடும் தட்டையான கலம். நீரின் அடர்த்தி மிகுதியாயுள்ள 4 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி. அந்நிலையில் சிறிது சூடேறினாலும் நீர் கலங்குவதில்லை. எவ்வளவு எளிய பௌதிகம்! நம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறக்கும் பாடம் அங்கே ஒரு மருத்துவப் புதிரைத் திறந்தது.

குதிரையின் குருதிநீரில் ஆல்புமினும், அதன்பின் ஆல்பா, பீட்டா, காமா என்னும் மூன்று குளோபுலின்களும் தனித்தனியே பிரிந்து நின்றன. அக்கட்டுரையை உயிர்வேதியியல் இதழொன்று ஏற்கவில்லை. ஃபாரடே கழக இதழ் 1937-இல் வெளியிட்டது.

அடுத்து, எல்வின் காபட் என்னும் இளைஞருடன் சேர்ந்து, முட்டைப் புரதத்தை ஊசிவழி ஏற்றி எதிர்ப்பாற்றல் ஊட்டிய முயல்களின் குருதிநீரை ஆராய்ந்தார். காமா மேடு பெரிதும் உயர்ந்திருந்தது. அதே முட்டைப் புரதத்தைச் சேர்த்து எதிர்ப்பொருளைப் படியவைத்து நீக்கியதும், அம்மேடு தாழ்ந்தது! 1939-இல் வெளியான இம்முடிவே வினாவிற்கு விடை.

1948-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற அவர், பின்னர் நோபல் நிறுவனத்தின் தலைவராகவும் விளங்கி, 1971 அக்டோபர் 29-இல் மறைந்தார்.

இன்று விரைவுச் சோதனைகளில் எதிர்ப்பொருள் பூசிய நுண்மணிகள், நோய்ப்பொருளைக் கண்டால் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அவை தாமாகச் சந்திக்க நேரம் பிடிக்கும். மாறுமின்புலத்தைச் செலுத்தினாலோ, முத்துக்கோவைபோல் அணிவகுத்து விரைவில் திரள்கின்றன. மின்சுமையற்ற துகளையும் சீரற்ற மின்புலம் ஈர்க்கவல்லது. 1951-இல் ஹெர்பர்ட் போல் இவ்விசைக்குப் பெயரிட்டார். டிசேலியசின் கருவி ஓர் அறையை அடைத்து நின்றது. இன்றைய ஆய்வாளர்கள் ஒரு துளிக் குருதிநீரை இட்டுப் பார்ப்பது கண்ணாடிச் சில்லு ஒன்றின்மேல்.